பழைய மின்ஸ்கூட்டரிலிருந்து எடுத்த மோட்டார் கன்ட்ரோலர்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சென்னை புதுப்பேட்டையில், கழித்துக்கட்டிய வாகனங்களின் உதிரிபாகங்கள் விற்கும் கடைகளில், லெட் ஆசிட் பேட்டரியில் ஓடிய பழைய மின்ஸ்கூட்டர்களின் கன்ட்ரோலர்கள், அதாவது பேட்டரியின் மின்சாரத்தை ஆக்ஸிலேட்டருக்கு ஏற்ப மோட்டாருக்கு விடும் பெட்டிகள், அவ்வப்போது மலிவாகக் கிடைக்கும். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய அலுமினியப் பெட்டியும் அதிலிருந்து தொங்கும் ஒயர்க் கொத்துமாக இருக்கும் அவற்றை வாங்கி, சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் அமைந்த ஹப்போடு சேர்த்து, இஸ்திரி வண்டிகளுக்கும் தண்ணீர்க் கேன் ஏற்றும் தள்ளுவண்டிகளுக்கும் பொருத்தித் தருவது சில ஆண்டுகளாக என் ஓய்வுநேர வேலையாக இருந்துவருகிறது. திரும்பத் திரும்ப ஒரே விதமான பழுதுகளே வருவதால், எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

“செத்துப்போனது” என்று சொல்லி என்னிடம் கொடுக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெட்டியைத் திறக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. பிழை வெளியே உள்ள ஒயரிலோ, பிரேக் சுவிட்சிலோ, மோட்டாருக்குள் காந்தங்களின் நிலையை உணர்ந்து சொல்லும் ஹால் சென்சாரிலோ இருக்கும்போது, முதலிலேயே பலகையில் சால்டரிங் இரும்பை வைப்பவர் ஒரு பழுதை இரண்டாக்குகிறார். ஆகவே ஒவ்வொரு தலைப்பின் கீழும் செலவில்லாத சோதனை முதலிலும், செலவுள்ளது கடைசியிலும் வருகின்றன.

இங்கே தரும் அளவுகள் 48 வோல்ட், 250 முதல் 350 வாட் வரையிலான, 6 மாஸ்ஃபெட் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்னணு சுவிட்ச்) கொண்ட கன்ட்ரோலருக்கு உரியவை. 60 வோல்ட் பெட்டிக்கும் சோதனைகளின் வரிசை இதுவே. எண்கள் மட்டும் மாறும். பெட்டியின் முதுகில் ஒட்டியுள்ள தாளில் வோல்டேஜ், அதிகபட்ச ஆம்பியர், எந்த வோல்டேஜில் கன்ட்ரோலர் தானாக அணைந்துவிடும் என்ற மூன்றும் அச்சிடப்பட்டிருக்கும். அந்தத் தாள் கிழிந்துபோன பெட்டியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் வாங்குவதில்லை.

## மின்சாரம் கொடுப்பதற்கு முன்

டயோடு சோதனை வசதியுள்ள மல்டிமீட்டர், 20 ஆம்பியர் ஃபியூஸ், சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்த ஒரு மரச்சட்டம், இவற்றோடு ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பு ஆகியவை கைவசம் இருக்க வேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்குப் பயன்படாது. இழையுள்ள பல்புதான் வேண்டும். இப்போது அது கிடைப்பது அரிதாகிவிட்டதால் நான் இரண்டை வாங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

அந்தப் பல்பைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஒயரில் சீரிஸாக இணைத்தே எந்தக் கன்ட்ரோலருக்கும் முதல்முறை மின்சாரம் கொடுக்க வேண்டும். உள்ளே ஷார்ட் இல்லையென்றால் பல்பு எரியாது; கன்ட்ரோலரின் முனைகளில் ஏறக்குறையப் பேட்டரியின் முழு வோல்டேஜும் காட்டும். ஷார்ட் இருந்தால் இழை மங்கிய செந்நிறத்தில் தொடர்ந்து நிற்கும், கன்ட்ரோலரின் முனைகளில் வோல்டேஜ் ஏறாது. பகல் வெளிச்சத்தில் அந்தச் செந்நிறம் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால் கையால் மறைத்துப் பார்ப்பதும், மீட்டரையே நம்புவதும் நல்லது. பல்பு வழியாக மோட்டாரை ஓட்டிப் பார்க்க முயல வேண்டாம். ஆக்ஸிலேட்டரைச் சற்றே திருகியதும் பல்பு எரிந்து, வோல்டேஜ் விழுந்து, கன்ட்ரோலர் அணைந்துவிடும், அது பழுது அன்று.

48 வோல்ட் என்பதால் அலட்சியம் கூடாது. நான்கு லெட் ஆசிட் பேட்டரிகள் ஷார்ட் ஆனால், இடையில் சிக்கும் மோதிரம் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவைத்துவிட்டுத் தொடங்குங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் பெட்டிக்குள் உள்ள கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பாசிட்டிவ், நெகட்டிவ் ஒயர்களுக்கு இடையே சில விநாடிகள் பிடித்து இறக்கிய பிறகே மீட்டரை டயோடு நிலைக்குத் திருப்ப வேண்டும்.

## அறிகுறி 1: எந்த அசைவும் இல்லை, 5 வோல்ட்டும் வரவில்லை

ஆக்ஸிலேட்டர் கனெக்டரின் சிவப்பு, கறுப்பு ஒயர்களுக்கு இடையே 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். அது வராத நிலையைத்தான் இந்தத் தலைப்பு குறிக்கிறது.

சாவி ஒயர். தடித்த சிவப்பு, கறுப்பு ஒயர்களைத் தவிர, சாவி சுவிட்சுக்குப் போகும் ஒரு மெல்லிய ஒயர் உண்டு. பெரும்பாலும் சிவப்பு, சிலவற்றில் ஆரஞ்சு. அதற்கும் பேட்டரியின் பாசிட்டிவ் கிடைத்தால்தான் உள்ளே உள்ள சிறு சர்க்யூட் விழிக்கும். ஸ்கூட்டரிலிருந்து வெட்டியெடுக்கும்போது இந்த ஒயர் தனியே தொங்கிப்போவதால், என்னிடம் வந்த “செத்த” பெட்டிகளில் பல இந்த ஒரே இணைப்பில் உயிர்பெற்றிருக்கின்றன.

ஃபியூஸ், பேட்டரி. ஃபியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், அதன் இரு முனைகளிலும் வோல்டேஜ் அளந்து பாருங்கள்.

வெளி ஷார்ட். ஆக்ஸிலேட்டர், ஹால் கனெக்டர்கள் இரண்டையும் கழற்றிவிட்டு, கன்ட்ரோலர் பக்கத்து முனையில் 5 வோல்ட்டை மறுபடி அளக்க வேண்டும். இப்போது வந்துவிட்டால் பிழை வெளியே இருக்கிறது. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் எது 5 வோல்ட்டை விழுங்குகிறது என்று தெரிந்துவிடும்.

அப்போதும் வரவில்லையென்றால் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். சாவி ஒயர் பலகையைத் தொடும் இடத்திலிருந்து பாதையைப் பின்தொடர்ந்தால், வெப்பத்தில் பலகையைக் கருக்கியிருக்கும் ஒரு பெரிய ரெசிஸ்டர், அதன் பின் ஒரு ரெகுலேட்டர், அதன் பின் 5 வோல்ட் தரும் சிறு ரெகுலேட்டர் என்ற வரிசை பெரும்பாலும் தென்படும். ரெசிஸ்டருக்குப் பின் வோல்டேஜ் இல்லையென்றால் அது அறுந்துவிட்டது. முதல் ரெகுலேட்டரின் வெளியீட்டில் 12 முதல் 15 வோல்ட் வரை வந்து, 5 மட்டும் வரவில்லையென்றால் 78எல்05 போன்ற சிறு ரெகுலேட்டரை மாற்றினால் போதும். சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் இவை சில்லறைக் காசுக்குக் கிடைக்கின்றன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு, நீரில் மூழ்கிய பெட்டிகள் பல என் மேசைக்கு வந்தன. திறந்தவுடன் பச்சைப் பாசிபோல் செம்பு அரித்திருந்தவற்றில், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு துடைத்துக் காயவைத்ததும் சில ஓடின. மைக்ரோகன்ட்ரோலரின் கால்களே அரித்துப்போயிருந்தவற்றை மாஸ்ஃபெட்டுக்காக வைத்துக்கொண்டேன். அந்தச் சில்லில் எழுதப்பட்ட நிரல் கடையில் கிடைக்காது. அது போனால் எந்த மெக்கானிக்கிடமும் தீர்வு இல்லை.

## அறிகுறி 2: 5 வோல்ட் வருகிறது, ஆனால் சக்கரம் அசையவில்லை

பிரேக் ஒயர். பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் மெல்லிய ஒயர் ஜோடியின் கனெக்டரைக் கழற்றிவிட்டு முதலில் முயலுங்கள். கைப்பிடியின் உள்ளே உள்ள சுவிட்ச் துருவேறி மூடியே நின்றுவிட்டால், யாரோ எப்போதும் பிரேக் பிடித்திருப்பதாகவே கன்ட்ரோலர் எண்ணிக்கொள்ளும். கழற்றியதும் ஓடினால் புதிய சுவிட்ச் போட வேண்டும். கழற்றிய நிலையிலேயே வண்டியைக் கொடுத்துவிடக் கூடாது, ஏனெனில் பாரமேற்றிய வண்டியில் பிரேக் பிடிக்கும்போது மோட்டாரும் எதிர்த்து இழுத்துக்கொண்டிருக்கும்.

ஆக்ஸிலேட்டர். கறுப்பு ஒயரில் மீட்டரின் கறுப்பு முனையை வைத்து, சிக்னல் ஒயரை அளக்க வேண்டும். அது பெரும்பாலும் பச்சையாகவோ வெள்ளையாகவோ இருக்கும். தொடாத நிலையில் 0.8 வோல்ட்டை ஒட்டியும், முழுதாகத் திருகும்போது 3.5க்கு மேலும் காட்ட வேண்டும். திருகினாலும் மாறாவிட்டால் ஆக்ஸிலேட்டரை மாற்றுங்கள். தொடாத நிலையிலேயே 1.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பல கன்ட்ரோலர்கள் பாதுகாப்புக்காகக் கிளம்ப மறுத்துவிடும்.

கைப்பிடிக்குப் பதிலாகத் திருகு பொத்தான் வைக்க விரும்புவோர், 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரை நேரடியாக 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் கட்டிவிட்டு “ஓடவில்லை” என்பார்கள். அதன் இரு முனைகளிலும் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்றைச் சீரிஸில் சேர்த்தால், சிக்னல் ஏறக்குறைய 0.76 முதல் 4.24 வோல்ட் வரைக்குள் நின்று, கன்ட்ரோலர் எதிர்பார்க்கும் எல்லைக்குப் பொருந்திவிடும்.

தடித்த ஒயர்கள். மோட்டாருக்குப் போகும் மஞ்சள், பச்சை, நீல ஒயர்களின் புல்லட் கனெக்டர்கள் கருகியிருக்கின்றனவா என்று உறையைத் தள்ளிப் பாருங்கள்.

ஹால் சென்சார். மேலே சொன்னவை யாவும் சரியாக இருந்தால் அடுத்த தலைப்பில் உள்ள ஹால் சோதனையைச் செய்ய வேண்டும்.

## அறிகுறி 3: சக்கரம் நடுங்குகிறது, உறுமுகிறது, கையால் தள்ளினால் மட்டும் சுற்றுகிறது

ஒரு ஸ்கூட்டரின் கன்ட்ரோலரை இன்னொன்றின் மோட்டாரோடு சேர்க்கும்போது மிக அதிகமாக வரும் அறிகுறி இதுவே. முதலில் இரண்டில் எது என்று பிரித்தறிய வேண்டும்: இந்த ஜோடி முன்பு சரியாக ஓடிக்கொண்டிருந்து இப்போது நடுங்கத் தொடங்கியதா, அல்லது இப்போதுதான் முதன்முறையாகச் சேர்க்கப்படுகிறதா?

### முன்பு சரியாக ஓடியது என்றால்

ஹால் கனெக்டரில் ஐந்து மெல்லிய ஒயர்கள் இருக்கும். சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்டு, மீதி மஞ்சள், பச்சை, நீலம் ஆகியவை சிக்னல்கள். கனெக்டரை மாட்டிய நிலையிலேயே, மின்சாரம் இருக்கும்போதே, பின்புறத்திலிருந்து மீட்டரின் கூர்முனையைச் செருகி ஒவ்வொரு சிக்னலையும் அளந்துகொண்டு, சக்கரத்தைக் கையால் மிக மெதுவாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0வுக்கும் 5க்கும் இடையே தெளிவாகத் தாவ வேண்டும். கழற்றிவிட்டு மோட்டார் பக்கத்தை மட்டும் அளந்தால் ஒன்றும் தெரியாது, ஏனெனில் அந்த 5 வோல்ட்டைச் சிக்னல் ஒயரில் மேலிழுத்துத் தருவதே கன்ட்ரோலருக்குள் உள்ள ரெசிஸ்டர்தான்.

மூன்றும் தாவினால் சென்சார்களில் குற்றமில்லை. தடித்த ஒயர்களில் ஒன்று விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் எப்போதும் 5இலேயே நின்றால், அந்த சென்சார் இறந்திருக்க வேண்டும் அல்லது ஒயர் அறுந்திருக்க வேண்டும். ஒன்று எப்போதும் 0விலேயே நின்றால், கனெக்டரைக் கழற்றி, கன்ட்ரோலர் பக்கத்தை மட்டும் அளக்க வேண்டும். இப்போது 5 வந்தால் பிழை மோட்டாரில் இருக்கிறது. அப்போதும் 0 என்றால் பலகையில் அந்த ரெசிஸ்டர் போயிருக்கிறது, அதை மாற்றுவது பத்து நிமிட வேலை.

மோட்டார் பக்கத்துப் பிழை என்றால், ஒயர்க் கொத்து அச்சுக்குள் நுழையும் இடத்தை முதலில் கவனியுங்கள். நட்டு தளர்ந்து அச்சு சற்றே திரும்பினாலும் அந்த இடத்தில் ஒயர்கள் அறுபடும். அங்கே குறையில்லாவிட்டால் ஹப்பைத் திறந்து, மூன்று சென்சார்களையும் ஒருசேர மாற்ற வேண்டியிருக்கும். இந்த வேலையை நான் காயில் கட்டும் கடைக்கே அனுப்பிவிடுகிறேன். ஹப்பின் உள்வளையத்தில் உள்ள காந்தங்கள், மூடியைக் கழற்றிய பிறகு நடுப்பகுதியை வெளியே எடுக்கவிடாமல் படீரென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். இடையில் விரல் இருந்தால் நசுங்கும். இழுப்பான் கருவி இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

### இப்போதுதான் சேர்க்கப்படுகிறது என்றால்

ஒரே நிறத்தை ஒரே நிறத்தோடு சேர்த்தால் ஓடிவிடும் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும், ஏனெனில் வெவ்வேறு தயாரிப்புகளில் நிறங்களின் ஒழுங்கு மாறும்.

கன்ட்ரோலரில் தனியே இரண்டு வெள்ளை ஒயர்களும் அவற்றுக்கு ஆண், பெண் கனெக்டர்களும் இருந்தால் பெரும்பாலும் அது ஒயர்களின் ஒழுங்கைத் தானே கற்றுக்கொள்ளும் வகை. சக்கரத்தைத் தூக்கிவைத்து, அந்த இரண்டையும் சேர்த்து, மின்சாரம் கொடுத்தால் சக்கரம் தானாக ஓடத் தொடங்கும். சில விநாடிகளில் ஒழுங்காக ஓடும்போது வெள்ளை ஒயர்களைப் பிரித்துவிட வேண்டும். எதிர்த்திசையில் ஓடினால், ஒருமுறை சேர்த்துப் பிரித்தால் திசை மாறும்.

வெள்ளை ஒயர்கள் இல்லையென்றால், ஹால் ஒயர்களைத் தொடாமல், மூன்று தடித்த ஒயர்களை மட்டும் மாற்றி மாற்றிச் சேர்க்க வேண்டும். மொத்தம் ஆறு விதங்கள். அவற்றில் ஒன்றுதான் சரி. ஒவ்வொன்றையும் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நினைவை நம்பி ஐந்தாவது முயற்சியில் குழம்பாதவர் குறைவு. ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை அணைத்து, மாற்றி, மிகச் சிறிதளவே ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பார்க்க வேண்டும். நடுங்கும் சேர்க்கையில் முழுதாகத் திருகினால் மாஸ்ஃபெட் போய்விடும்.

இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தவறான சேர்க்கையிலும் சில வேளை சக்கரம் சுற்றத்தான் செய்யும், ஆனால் கரகரப்போடு சுற்றும், மின்சாரத்தையும் அதிகம் இழுக்கும். பேட்டரி ஒயரில் ஆம்பியர் அளந்தால், பாரமில்லாமல் ஓடும் சரியான சேர்க்கை, நான் கண்டவரை, 1 ஆம்பியரை ஒட்டியே இழுக்கிறது. மூன்று, நான்கு என்று காட்டினால் அந்தச் சேர்க்கையில் திருப்தியடைந்துவிடாதீர்கள். சரியான சேர்க்கை கிடைத்து, சக்கரம் பின்னோக்கிச் சுற்றினால், ஹால் சிக்னல்களில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றிவிட்டு, ஆறு விதங்களையும் மறுபடி முதலிலிருந்து முயல வேண்டும். அலுப்பான வேலைதான், ஆயினும் குறுக்குவழி எதையும் நான் காணவில்லை.

## அறிகுறி 4: சக்கரத்தைக் கையால் சுற்றினால் கட்டிக்கட்டியாகக் கனக்கிறது

மின்சாரம் இல்லாத நிலையில் மூன்று தடித்த ஒயர்களையும் கன்ட்ரோலரிலிருந்து கழற்றிவிட்டு, அவை ஒன்றோடொன்று தொடாதபடி பிரித்துவைத்து, மறுபடி சுற்றிப் பாருங்கள்.

கழற்றியும் கனம் குறையவில்லையென்றால் மோட்டார் ஒயர்கள் தமக்குள்ளே ஷார்ட் ஆகியிருக்கின்றன. பெரும்பாலும் அச்சுக்குள் நுழையும் அதே இடத்தில். கழற்றியதும் லேசாகச் சுற்றினால், கன்ட்ரோலரில் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். எது என்பதைப் பெட்டியைத் திறக்காமலே கண்டறியலாம்.

கெப்பாசிட்டரை இறக்கிவிட்டு, மீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைக் கன்ட்ரோலரின் பேட்டரி நெகட்டிவ் ஒயரிலும், கறுப்பு முனையை மஞ்சள், பச்சை, நீலம் என ஒவ்வொரு தடித்த ஒயரிலும் வையுங்கள். மூன்றும் 0.4 முதல் 0.55 வரை, ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். பிறகு கறுப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் வைத்து, சிவப்பு முனையை மூன்று ஒயர்களிலும் மாற்றி மாற்றி வையுங்கள். இங்கும் அதே எண்கள் வர வேண்டும். எங்கே 0.00 காட்டுகிறதோ அந்த ஒயரின் மாஸ்ஃபெட் போய்விட்டது: முதல் சோதனையில் காட்டினால் கீழ்ப்பக்கம் (நெகட்டிவோடு இணைவது), இரண்டாவதில் காட்டினால் மேற்பக்கம் (பாசிட்டிவோடு இணைவது).

## அறிகுறி 5: இணைத்த நொடியில் ஃபியூஸ் எரிகிறது

இணைக்கும்போது ஒரு சிறு தீப்பொறி மட்டும் தெறித்து, ஃபியூஸ் நின்றால் அது பழுது அன்று. காலியாக இருந்த கெப்பாசிட்டர் நிறைகிறது. தினமும் கழற்றி மாட்டும் வண்டியென்றால், 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக ஒரு விநாடி தொட்டுவிட்டு, பிறகு நேரடியாக இணைக்கும்படி சொல்லிக்கொடுத்தால் கனெக்டர் கருகாது.

ஃபியூஸ் எரிந்தே விடுகிறதென்றால், பாசிட்டிவும் நெகட்டிவும் மாறிப் போயினவா என்று முதலில் பாருங்கள். மாறியிருந்தால் ஆறு மாஸ்ஃபெட்டுகளின் உள் டயோடுகள் வழியாகவும் மின்சாரம் பாய்ந்திருக்கும். ஃபியூஸ் முந்திக்கொண்டிருந்தால் பெட்டி தப்பித்திருக்கலாம், அறிகுறி 4இன் டயோடு சோதனை அதைச் சொல்லிவிடும். அடுத்தது உப்பிய கெப்பாசிட்டர். அதன் பிறகே மாஸ்ஃபெட்.

### மாஸ்ஃபெட்டை மாற்றும்போது

ஒன்று போயிருந்தால் அதே ஒயரில் உள்ள ஜோடியையும் சேர்த்து மாற்றுவது என் வழக்கம். வசதியிருந்தால் ஆறையுமே ஒரே எண்ணில், ஒரே கடையில் வாங்கி மாற்றலாம். 48 வோல்ட்டுக்கு 75 வோல்ட் தாங்கும் 75என்எஃப்75 பரவலாகக் கிடைக்கிறது. பழையதைக் கழற்றிய பிறகு, புதியதைப் போடுவதற்கு முன், ஒவ்வொரு கேட் காலுக்கும் (மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் சிக்னல் வரும் கால்) போகும் சிறு ரெசிஸ்டரையும், அதற்கு முன்னுள்ள சிறு டிரான்சிஸ்டர்களையும் பழுதில்லாத மற்ற ஒயர்களின் அளவோடு ஒப்பிட்டு அளந்தாக வேண்டும். மாஸ்ஃபெட் வெடிக்கும்போது பேட்டரியின் முழு வோல்டேஜும் கேட் வழியாகத் திரும்பி அவற்றைக் கொன்றிருக்கக்கூடும். அவற்றைக் கவனிக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் முதல் திருகலிலேயே போய்விடும்.

அடுத்து, நானே இருமுறை செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். மாஸ்ஃபெட்டின் முதுகில் உள்ள உலோகத் தகடு அதன் நடுக்காலோடு இணைந்தது. ஆறின் தகடுகளும் ஒரே அலுமினியச் சட்டத்தில் திருகப்படுவதால், ஒவ்வொன்றுக்கும் அடியில் மைக்கா அல்லது சிலிக்கான் தாளும், திருகுக்கு ஒரு சிறு பிளாஸ்டிக் புஷ்ஷும் இருந்தே ஆக வேண்டும். கழற்றும்போது அந்தப் புஷ் தரையில் உருண்டோடிவிடும். ஐந்து புஷ்ஷோடு மட்டும் திருகிவிட்டால் இரண்டு தகடுகள் சட்டத்தின் வழியே சந்திக்கும் வாய்ப்பு உண்டு. முதல்முறை பேட்டரியை நேரடியாக இணைத்து, மாற்றிய புதிய மாஸ்ஃபெட்டையும் இழந்தேன். இரண்டாம்முறை பல்பு இருந்ததால், அது சிவந்து நின்றதோடு போயிற்று. திருகி முடித்ததும், ஒவ்வொரு தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே மீட்டரில் எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. அந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பலகையின் செம்புப் பாதையே எரிந்து பெயர்ந்திருந்தால், அல்லது மாற்றிய மாஸ்ஃபெட் இரண்டாவது முறையும் போனால், அதற்கு மேல் செலவழிக்காமல் மின்வண்டிப் பலகைகளைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், அல்லது வேறொரு பழைய பெட்டியை வாங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவதே மலிவு.

## அறிகுறி 6: ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே சக்கரம் ஓடுகிறது

சாவியை உடனே அணைத்துவிடுங்கள். ஆக்ஸிலேட்டரின் கறுப்பு ஒயர் அறுந்தால் சிக்னல் 5 வோல்ட்டை நோக்கி ஏறிவிடும், அதை முழு வேகம் என்று கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். கைப்பிடி திரும்பும் இடத்தில் ஒயர் மடங்கி மடங்கி அறுபடுவதே வழக்கமான காரணம். கனெக்டரைக் கழற்றியதும் ஓட்டம் நின்றால் ஆக்ஸிலேட்டரையும் அதன் ஒயரையும் மாற்றுங்கள், ஒட்டுப்போட வேண்டாம். கழற்றியும் ஓடினால், கற்றுக்கொள்ளும் வெள்ளை ஒயர்கள் சேர்ந்தே கிடக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் அந்தப் பெட்டியை ஒதுக்கிவிடுங்கள்.

## அறிகுறி 7: சமதரையில் ஓடுகிறது, மேட்டில் அல்லது பாரத்தில் நின்றுவிடுகிறது

நின்ற பிறகு சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடுகிறது என்பதும் இதோடு சேர்ந்த அறிகுறி. கன்ட்ரோலர் தன் கடமையைச் செய்கிறது. பேட்டரி வோல்டேஜ் 42க்குக் கீழே போனதால் அணைகிறது.

நான்கு பேட்டரிகளையும் தனித்தனியே, பாரத்தோடு ஓடும்போது அளந்து பாருங்கள். மூன்று 12 வோல்ட்டில் நிற்க, ஒன்று மட்டும் 6க்கு விழுந்தாலும் மொத்தம் 42தான். ஓய்வில் அளந்தால் அந்த ஒன்றும் 12.5 காட்டி நல்லபிள்ளைபோல் நடிக்கும். பேட்டரிகளில் குறையில்லையென்றால் கனெக்டர், சாவி சுவிட்ச், ஃபியூஸ் பிடிப்பான் ஆகியவற்றின் இரு முனைகளுக்கும் இடையே, ஓடும்போது வோல்டேஜ் அளக்க வேண்டும். ஒரே கனெக்டரில் அரை வோல்ட் விழுந்தால், 15 ஆம்பியரில் அது ஏழரை வாட் வெப்பம், தொட்டாலே தெரியும்.

வோல்டேஜ் விழாமலே இழுவை போதவில்லை என்றால், கன்ட்ரோலரின் ஆம்பியர் வரம்பு எட்டிவிட்டது என்று பொருள். இங்கேதான் ஷன்ட் திருத்தம் என்ற ஆசை தலைகாட்டும். பலகையில் பாலம்போல் வளைந்து நிற்கும் தடித்த கம்பிதான் ஷன்ட்; எவ்வளவு ஆம்பியர் ஓடுகிறது என்பதைக் கன்ட்ரோலர் அதைக் கொண்டுதான் அளக்கிறது. அதன்மேல் ஈயத்தைப் பூசினால் அதன் தடை குறையும், கன்ட்ரோலர் குறைவாகவே ஓடுவதாக ஏமாந்து அதிகம் விடும். எவ்வளவு அதிகம் என்பதைப் பூசுபவர் முன்கூட்டி அறிய முடியாது. ஆம்பியர் இரட்டித்தால் மாஸ்ஃபெட்டில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். தண்ணீர்க் கேன் வண்டி ஒன்றுக்காக நான் வாங்கிய பெட்டி ஒரு வாரத்தில் புகைந்தது. திறந்தபோது முந்தைய உரிமையாளர் ஷன்ட்டின் முழு நீளத்துக்கும் ஈயம் பூசியிருந்தது தெரிந்தது. அன்று முதல், வாங்கும் பெட்டியின் ஷன்ட்டைப் பார்க்காமல் மின்சாரம் கொடுப்பதில்லை. பூசியிருந்தால் ஈய உறிஞ்சு பின்னலால் எடுத்துவிடலாம்.

பூசியே தீர வேண்டும் என்பவர்கள், ஷன்ட்டின் நீளத்தில் கால்பங்குக்கு மேல் தொடாமல், பேட்டரி ஒயரில் ஆம்பியர் மீட்டரை வைத்து, ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் பாரத்தில் அளந்து, தாளில் அச்சிட்ட அளவைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உயராமல் நிறுத்திக்கொள்ளட்டும். 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட வண்டி என்பதாலேயே பதிவு இல்லாமல் சாலையில் ஓடும் ஸ்கூட்டரில் இதைச் செய்தால், அந்த விலக்கு போய்விடும். என்னைக் கேட்டால், அடுத்த அளவு கன்ட்ரோலரை வாங்குவதே சரி.

லித்தியம் பேட்டரியில் இந்த அறிகுறி வந்தால், அணைவது கன்ட்ரோலரா, பேட்டரிக்குள் உள்ள பாதுகாப்புப் பலகையா என்று பாருங்கள். நிற்கும் நொடியில் பேட்டரி முனையிலேயே வோல்டேஜ் காணாமல் போனால் அது பேட்டரியின் வேலை. லித்தியம் பெட்டியை வீட்டில் திறக்கக் கூடாது. அது பேட்டரி கட்டித்தருபவரின் வேலை.

## அறிகுறி 8: 36 வோல்ட் பெட்டியை 48இல் ஓட்டத் தொடங்கிய பிறகு வரும் பிழைகள்

இணைத்ததும் கெப்பாசிட்டர் வெடித்தால், அது 50 வோல்ட் தாங்குவதாக இருந்திருக்கும். சார்ஜ் நிறைந்த 48 வோல்ட் பேட்டரி அதைத் தாண்டிவிடும். 63 வோல்ட் கெப்பாசிட்டர் குறைந்தபட்சம் வேண்டும். மாஸ்ஃபெட்டின் எண்ணையும் பாருங்கள். 60 வோல்ட் தாங்குவன என்றால் இந்த மாற்றமே வேண்டாம்.

சில நாள் ஓடிய பின் 5 வோல்ட் நின்றால், அறிகுறி 1இல் சொன்ன பெரிய ரெசிஸ்டர் அளவுக்கு மீறிய வெப்பத்தில் அறுந்திருக்கும், அல்லது அதன் பின்னுள்ள ரெகுலேட்டர் போயிருக்கும். கூடுதலான 12 வோல்ட்டை வேறொரு ரெசிஸ்டரில் விழவைக்க வேண்டும். 36 வோல்ட்டில் ஓடும்போது பழைய ரெசிஸ்டரின் குறுக்கே உள்ள வோல்டேஜை அதன் ஓமால் வகுத்தால் அதில் ஓடும் ஆம்பியர் கிடைக்கும். 300 ஓமின் குறுக்கே 15 வோல்ட் இருந்தால் அது 0.05 ஆம்பியர், 12ஐ 0.05ஆல் வகுத்தால் 240 ஓம். கடையில் கிடைக்கும் 270 ஓம், 2 வாட் ரெசிஸ்டரைச் சீரிஸில் போட்டு, பலகையிலிருந்து சற்று உயர்த்திப் பற்றவைத்தால் பலகை கருகாது.

பேட்டரி சீக்கிரமே கெட்டுப்போகிறதென்றால், பெட்டி இன்னமும் 36க்கு உரிய 31 வோல்ட்டில்தான் அணைகிறது என்பதே காரணம். அதற்குள் நான்கு லெட் ஆசிட் பேட்டரிகளும் தலைக்கு 8 வோல்ட்டுக்கும் கீழே வடிந்திருக்கும். பலகையில் வோல்டேஜை அளக்கும் ரெசிஸ்டர் ஜோடியை அடையாளம் காண முடியாதவர்கள், 42 வோல்ட்டில் சாவி ஒயரைத் துண்டிக்கும் தனி வோல்டேஜ் ரிலே ஒன்றைப் போட்டுவிடலாம்.

## அறிகுறி 9: பெட்டி தொட முடியாதபடி சுடுகிறது

மாஸ்ஃபெட் சட்டத்தைப் பெட்டியோடு பிடிக்கும் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா, இடையில் உள்ள வெப்பப் பசை காய்ந்து தூளாகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால், அறிகுறி 3இல் சொன்ன ஒயர்ச் சேர்க்கையையும், அறிகுறி 7இல் சொன்ன ஷன்ட்டையும் சோதியுங்கள். இஸ்திரி வண்டியில் கரிப்பெட்டிக்கு அடியில் கன்ட்ரோலரைக் கட்டிவைத்திருந்ததையும் ஒருமுறை கண்டேன். அதற்கு இடம் மாற்றியதே வைத்தியம்.

## அறிகுறி 10: பேட்டரியில் ஓடுகிறது, 48 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ்.இல் ஓட மறுக்கிறது

மேசையில் சோதிக்கவோ, ஒரே இடத்தில் நிற்கும் இயந்திரத்தை ஓட்டவோ எஸ்.எம்.பி.எஸ். (வீட்டு மின்சாரத்தை 48 வோல்ட் டி.சி.யாக மாற்றித் தரும் பவர் சப்ளை) வைப்பவர்களுக்கு வருவது இது. இணைக்கும்போதே “டிக் டிக்” என்று விட்டுவிட்டு இயங்கினால், கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர் நிறைவதையே அது ஷார்ட் என்று எண்ணுகிறது. 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக முதலில் நிறைத்துவிட்டால் அது தீரும். ஓடும்போது அணைந்தால், எஸ்.எம்.பி.எஸ்.இன் ஆம்பியர் கன்ட்ரோலரின் அதிகபட்சத்தைவிடக் குறைவு. வேகத்தைக் குறைக்கும்போது மட்டும் அணைந்தால், கனமான சக்கரம் மோட்டாரைச் சுற்றி மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று கொள்ளலாம். பேட்டரி அதை வாங்கிக்கொள்ளும், எஸ்.எம்.பி.எஸ். வாங்காது, வோல்டேஜ் ஏறி, 63 வோல்ட் கெப்பாசிட்டர் வரை ஆபத்தாகும். அப்போது பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைத் திருப்பும் ஒயர் ஏதேனும் இணைந்திருந்தால் அதைப் பிரித்துவிடுங்கள். அதன் பிறகும் வோல்டேஜ் ஏறினால், அந்த வேலைக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஐ விட்டுவிட்டு நான்கு சிறிய பேட்டரிகளையே வைத்துக்கொள்ளுங்கள்.